சொறி

“ரெண்டு கையும் சொறி சிஸ்டர், தாங்க முடியல” என்றபடி ராஜாத்தி கட்டுப்போடும் அறைக்குள் வந்தபோது, கீதா பஞ்சு டப்பாவை மூடுகிற சாக்கில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். குரலிலேயே தெரிந்துவிட்டது. பழவேற்காட்டுக் குப்பத்தில் அடுத்த வீட்டு அத்தை. இரண்டு வீட்டில் எந்த அடுப்பில் சோறு இருக்கிறதோ அங்கே உட்கார்ந்து தின்று வளர்ந்தவள் கீதா.

நர்சிங் மூன்றாம் வருடம். பயிற்சிக்கு இந்த ஆஸ்பத்திரியில் போட்டபோதே அவளுக்குத் தெரியும். ஊரிலிருந்து யாராவது வந்தே தீருவார்கள். விடுதியில் சேர்ந்த புதிதில் அறைத்தோழி மஞ்சு இவள் பெட்டியை முகர்ந்து, “என்னடி, கருவாட்டுக் கடையே வச்சிருக்கியா?” என்று கேட்டுவிட்டு அடுத்த நிமிடமே மறந்துபோனாள். கீதா மறக்கவில்லை. அன்று முதல் கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஊர் மீஞ்சூர், அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை. அப்பாவின் போன் வந்தால் மொட்டைமாடிக்கு ஓடுவாள், ‘நைனா’ என்று அவரைக் கூப்பிடுவது யார் காதிலும் விழுந்துவிடக்கூடாது என்று.

ராஜாத்தியின் முழங்கை வரை தோல் சிவந்து, தடித்து, அங்கங்கே கொப்புளம் கட்டியிருந்தது. மஞ்சு பார்த்தாள், ‘சொறி’ என்றது காதில் விழுந்தது, அந்தத் தோல் நோயின் ஆங்கிலப் பெயரைச் சீட்டில் எழுதிவிட்டாள். கையுறையையும் மாட்டிக்கொண்டாள். பழவேற்காட்டு ஏரிக்கரையில் சொறி என்றால் நோயல்ல. நுங்குபோல வழவழவென்று வலையில் வந்து விழும் கடல் ஜந்து. அதன் இழை பட்டால் தோல் வெந்துபோகும். அங்கே பேசப் பழகும் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த வார்த்தை அது.

பயிற்சி ஆசிரியை கோமளா மேடம் எட்டியே நின்று கேட்டார். “வீட்ல வேற யாருக்காவது இருக்கா?”

“எல்லாருக்குந்தான் மேடம். இப்ப சீசனு. ஊர் பூரா சொறிதான்.”

“ஊர் பூராவுமா? ஏம்மா, குளிக்கவே மாட்டீங்களா?”

ராஜாத்தி விழித்தாள். “பொழுதன்னிக்கும் தண்ணியிலதான மேடம் கெடக்கறோம்?”

மாணவிகள் கொல்லென்று சிரித்தார்கள். கீதாவும் சிரித்தாள். சத்தம் வராத சிரிப்புதான், ஆனாலும் சிரித்தாள். சிரிப்பு வந்த பக்கம் திரும்பிய ராஜாத்தி அவளைப் பார்த்துவிட்டாள். முகம் அப்படியே மலர்ந்தது. “அடியே, கீ…” என்று வாயெடுத்தவள், கீதா தலையைக் குனிந்துகொண்டதைக் கண்டு நிறுத்தினாள். பிறகு தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சீட்டைப் பார்த்து டாக்டர் லோஷன் எழுதிக் கொடுத்தார்.

“கீதா, நீ போட்டுவிடு” என்றார் மேடம்.

வாயைத் திறக்க அப்போதும் நேரம் இருந்தது. அவள் லோஷனில் பஞ்சை நனைத்தாள். முதல் இழுப்பிலேயே ராஜாத்தியின் மறுகை மேஜை விளிம்பை இறுகப் பற்றியது. கண்ணில் நீர் முட்டியது.

“எரியுதா?” தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது கீதாவுக்கு.

“இல்ல சிஸ்டர். நீ போடு.”

அந்த ‘சிஸ்டர்’ அவளைச் சுட்டது. பஞ்சைத் தட்டில் போட்டாள். “மேடம், இது தோல் வியாதி இல்ல. கடல்ல இருக்கற சொறி. ஜெல்லி மீனு. அதுதான் பட்டிருக்கு. லோஷன் போடக்கூடாது.”

கோமளா மேடம் அவள் பக்கம் திரும்பினார். “உனக்கு எப்படித் தெரியும்?”

எங்க ஊரு மேடம், இவங்க எங்க அத்தை. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. மஞ்சு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“புக்குல படிச்சேன் மேடம்.”

பிறகு எல்லாம் சரியாகவே நடந்தது. டாக்டர் நேரில் வந்து பார்த்தார், வலை உதறும்போது பட்டதா என்று கேட்டார், லோஷனைக் கழுவச் சொல்லி ஊசி எழுதினார். மேடம் கீதாவின் தோளில் தட்டி, “பாத்தீங்களா, படிக்கிறதுன்னா இப்படிப் படிக்கணும்” என்று மற்றவர்களிடம் சொன்னார். அருகிலேயே உட்கார்ந்து ராஜாத்தி அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கீதாவுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம்போல் வெட்கமாக இருந்தது.

தளர்வாகத் துணி சுற்றிவிட்டபோது ராஜாத்தி அவள் காதருகே குனிந்தாள். குரலில் கோபமே இல்லை.

“ஒங்க நைனா கேட்டா இன்னா சொல்லட்டும்? பாத்தேன்னு சொல்லட்டுமா, வாணாமா?”

கீதா துணியின் முனையைச் செருகினாள். செருகியதையே மறுபடியும் எடுத்துச் செருகினாள்.

“சரி, வர்றேன் சிஸ்டர்.”

ஜன்னலுக்கு வெளியே பழவேற்காடு பஸ் நின்றிருந்தது. ராஜாத்தி ஏறி ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் துணி சுற்றிய கைகளையும் அதற்கு மேலே தெரிந்த கொப்புளங்களையும் பார்த்தாள். முந்தானையை இழுத்துக்கொண்டு எழுந்து பின்னால் போய்விட்டாள். ராஜாத்தி ஜன்னலோரம் நகர்ந்து, இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டாள்.

“யாரைடி அப்படிப் பாக்கற?” என்று கேட்டுக்கொண்டே மஞ்சு கீதாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

டிரைவர் இன்னும் டீக்கடையில்தான் இருந்தார். ராஜாத்திக்குப் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது.