கேதம் சொல்லாத ஊர்

அம்மாவாசி செத்த மறுநாள் விடிகாலையில் எழுந்து வழக்கம்போலக் கமலையில் தண்ணீர் இறைக்கப் போனான். போடிக்கு ரயில் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நெல் விலை இறங்கிக்கொண்டிருந்தது. சுருளிப்பட்டிக்குக் கிழக்கே வெள்ளைப்பாறைப்பட்டியில், பெரிய பண்ணை சுருளியாண்டியின் தோட்டத்துக் கிணற்றடியில் அவன் மாடுகளை முன்னும் பின்னும் நடத்துவதை முதலில் பார்த்தவள் அவன் பெண்டாட்டி மாயக்காள். முந்தின நாள் பண்ணை வீட்டு மாட்டுக்கொட்டத்திலிருந்து அவனைத் தூக்கிவந்து, தாடையைக் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்து முடிச்சுப் போட்டவளும் அவள்தான். தாடைக்கட்டு அப்படியே இருந்தது. கால்கட்டை மட்டும் அவிழ்த்திருந்தான், இல்லாவிட்டால் மாட்டுக்குப் பின்னால் நடக்க முடியாதே. மாயக்காளின் கூடை கைநழுவி விழுந்து கிணற்றுமேட்டில் உருண்டது.

அம்மாவாசி பண்ணையாள். அவன் அப்பனும் அந்தப் பண்ணைக்கு ஆள், தாத்தனும் ஆள். பண்ணை வீட்டு மாடு ஈன்ற கன்று யாருடையது என்று எவரும் கேட்பதில்லை; கீழத்தெருவில் பிறந்த பிள்ளை யாருடையது என்றும் கேட்பதில்லை. வயல் வேலை போக அவனுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மேலத்தெருவில் சாவு விழுந்தால் ஊர் ஊராக நடந்து சொந்தக்காரர்களுக்குக் கேதம் சொல்லவேண்டும். பண்ணையின் சின்னம்மா செத்த கேதத்தை வருசநாட்டு மலைக்குள் கடமலைக்குண்டு வரைக்கும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தவன், ஊருக்குள் ஒரு தப்புச் செய்தான். ஊருக்கே செருப்புத் தைத்துக் கொடுப்பது கீழத்தெருதான், ஆனால் மேலத்தெருவில் அவர்கள் அதைக் காலில் போடக்கூடாது. தெருமுனை வேப்பமரத்தடியில் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் நடக்கவேண்டும். மலையும் காடுமாக நடந்து வீங்கிப்போன கால்களுக்குச் செருப்பு கிடப்பதே தெரியவில்லை. சளக் சளக்கென்று பண்ணை வாசல்வரை நடந்துபோய், "எல்லா ஊருக்கும் சொல்லிட்டேன் சாமி" என்றான். மாட்டுக்கொட்டத்துத் தூணில் கட்டி அடித்தார்கள். கட்டை அவிழ்த்தபோது மூச்சில்லை. ஒரு ஜோடிச் செருப்புக்காக ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டு அந்த வீட்டில் அன்றைக்கும் உலை வைத்தார்கள்.

பெரிய பண்ணை கீழத்தெருவுக்கு ஓர் உத்தரவு அனுப்பினார். தப்பு மேளம் அடிக்கக்கூடாது, கேதம் சொல்லக்கூடாது, யார் கேட்டாலும் ஆள் மலைக்கு ஓடிப்போய்விட்டான் என்றே சொல்லவேண்டும். செருப்பை வேப்பமரத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். அந்த ஊரில் சாவு என்பது இரண்டு காரியம். மூச்சு நிற்பது ஒன்று. அதை ஒரு வாய் தெருவில் நின்று சொல்வது இன்னொன்று. மேலத்தெருச் சாவைக் கீழத்தெருவிலும் கீழத்தெருச் சாவை மேலத்தெருவிலும் சொல்லியாகவேண்டும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அதுவரை எவரும் சோதித்துப் பார்த்ததில்லை.

செத்தவன் கமலை இறைப்பதைக் கேள்விப்பட்டுப் பெரிய பண்ணையும் பயந்துபோனார். இரண்டு நாள் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. பிறகு தூரத்தில் நின்று பார்த்தார். பாத்தியெல்லாம் தண்ணீர் நிறைந்திருந்தது. அம்மாவாசி கஞ்சி கேட்கவில்லை, நிழலில் ஒதுங்கவில்லை, காய்ச்சல் என்று படுக்கவில்லை. பண்ணைக்குப் பயம் தெளிந்துவிட்டது. அதற்குப்பின் கீழத்தெருவில் எந்தச் சாவுக்கும் கேதம் சொல்ல உத்தரவில்லை என்றாகிவிட்டது. காலராவில் போனவர்கள், பாம்பு கடித்தவர்கள், வயசாகி விழுந்தவர்கள் எல்லோரும் மறுநாள் விடிய எழுந்து மண்வெட்டியைத் தூக்கினார்கள். புதைத்தும் பார்த்தார்கள்; குழியில் மண் மட்டும் கிடந்தது. பெரியாற்றுத் தண்ணீரில் இரண்டு போகம் விளைந்தது. செத்தவர்களும் உயிரோடிருப்பவர்களும் ஒரே வரிசையில் குனிந்து நாற்று நட்டார்கள், மேலத்தெருக்காரர்கள் வரப்பில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டே விளைச்சலைப் பற்றிப் பேசினார்கள். செத்தாவது ஓய்வு கிடைக்கும் என்று கீழத்தெருவுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அதுவும் போயிற்று.

பொழுது சாயும்போது அம்மாவாசி குடிசைக்கு வருவான். வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து, தாடைக்கட்டுக்குள்ளிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்பான்.

"யாராச்சும் சொல்லிட்டாகளா புள்ள?"

"இன்னும் இல்ல" என்பாள் மாயக்காள். அவன் தலையை ஆட்டிக்கொள்வான். வேறு பேச்சே இல்லை. கேதம் சொல்லப் போகிற ஆட்களை அவள் ஒவ்வொருவராகக் கெஞ்சினாள். "எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு ஆத்தா. அந்தத் தூணுல என்னையும் கட்டவா?" என்றார்கள். அவர்கள்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. பொம்பளை கேதம் சொல்லும் வழக்கமும் கிடையாது. அப்படியே ஏழெட்டு வருஷம் ஓடியது. அவன் ஒருதரமாவது காலை நீட்டிப் படுப்பதைப் பார்த்துவிடவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை எதுவும் மிஞ்சவில்லை.

பிறகு அவர்களுடைய மகள் பாண்டியம்மாள் ஒரு பெண் குழந்தையைப் பெற்றுப்போட்டுவிட்டுக் கண்ணை மூடினாள். அது நடவுக்காலம். மறுநாள் விடியும்போது குழந்தை பாலுக்கு வீறிட்டது. பாண்டியம்மாள் எழுந்தாள். மாயக்காளுக்குப் பைத்தியக்காரத்தனமாக ஒரு சந்தோஷம் வந்தது; பிள்ளையைத் தூக்கி நீட்டினாள். செத்த மகள் குழந்தையைத் தாண்டிப்போய்ச் சேலையை வரிந்து கட்டினாள், கூரையில் செருகியிருந்த முண்டுத்துணியை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டு நடவுக்குப் போய்விட்டாள். பிள்ளையின் அழுகை அவள் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் திரும்பவே இல்லை.

மாயக்காள் குழந்தையை அக்கம்மாளிடம் கொடுத்தாள். அடுத்த குடிசைக்காரி, கைப்பிள்ளைக்காரி. "எங்கன போற?" என்று அவள் கேட்கும்போதே மாயக்காள் நடந்துவிட்டாள். நேரே வேப்பமரத்துக்குப் போய், ஆணியைக் கல்லால் தட்டிப் பிடுங்கி, வெயிலிலும் மழையிலும் விறைத்துப்போயிருந்த செருப்பைக் காலில் மாட்டினாள். அவளுக்குப் பெரிசு. உச்சிவெயிலில் சளக் சளக்கென்று மேலத்தெரு நடுவில் நடந்தாள். கதவுகள் திறந்தன.

"கீழத்தெரு அம்மாவாசி இறந்துட்டாக!" என்று கத்தினாள். "இந்த வீட்டு மாட்டுக்கொட்டத்துல அடிச்சே கொன்னாக. எல்லாரும் கேட்டுக்கங்க!"

தோட்டத்தில் கமலை நின்றது. அம்மாவாசி மாட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்துவிட்டுக் கிணற்றுமேட்டில் மல்லாந்து படுத்து, காலை நீட்டினான். அவள் அடுத்த பெயரைச் சொன்னாள். நடவு வரிசையில் ஓர் ஆள் உட்கார்ந்து சாய்ந்தான். சொல்லச்சொல்ல வயல் முழுக்க ஒவ்வொருவராகப் படுத்தார்கள். கடைசியாக மகள் பெயரைச் சொன்னாள். பாண்டியம்மாள் கையிலிருந்த நாற்றுமுடியைத் தலைக்கு வைத்துக்கொண்டாள். பெரிய பண்ணை சாட்டையோடு ஓடிவந்தார், ஆனால் அவருடைய ஆட்கள் ஒருவரும் அவள்மேல் கைவைக்கவில்லை. இவளையும் கொன்றால் செத்த பிறகும் வந்து தெருவில் நின்று சொல்லுவாளோ என்று அவர்களுக்குக் குலை நடுங்கியது. அன்று கீழத்தெருவில் தப்புச் சத்தம் ஓயவே இல்லை. குழி வெட்ட உயிரோடிருந்த கைகள் போதவில்லை.

யுத்தத்துக்காகப் போடி ரயில் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போன காலத்தில் பெரிய பண்ணை காலைக் காப்பி குடித்துவிட்டு, வாசல் பெஞ்சில் உட்கார்ந்தபடியே செத்தார். மகன் மலைச்சாமி கேதம் சொல்ல ஆள் அனுப்பச் சொன்னான். கீழத்தெருவில் ஒருவரும் வரவில்லை. தெருமுனையோடு நின்று மாயக்காளைக் கூப்பிட்டுவிட்டான்.

"ஆத்தா, என்ன வேணும்னு கேளு, தாரேன். ஒரு வார்த்த சொல்லிரு."

"எனக்கு ஒண்ணும் வேணாம். நீங்களே தெருவுக்குள்ள வந்து சொல்லுங்க. எங்க ஆளுகளுக்கு நான் அங்கன வந்துதான சொன்னேன்?"

மலைச்சாமி தெருவைப் பார்த்தான். இருபது எட்டு வைத்தால் போதும். அவன் வீட்டில் யாரும் தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணை மிதித்ததில்லை. சாயங்காலம்வரை அங்கேயே நின்றிருந்துவிட்டுத் திரும்பிப் போனான். தந்தி பார்த்து வந்த சொந்தக்காரர்கள், பெஞ்சில் உட்கார்ந்து வயலில் தண்ணீர் பாய்ந்துவிட்டதா என்று விசாரிக்கிற பிணத்தைக் கண்டு அரண்டு, பழனிசெட்டிபட்டி பஸ்ஸைப் பிடித்தார்கள். பண்ணையின் பெண்டாட்டி கஸ்தூரியம்மாள் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் வருஷக்கணக்கில் தவித்தாள். அவளை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது.

சுதந்திரம் வந்து பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றிய அன்றும் பெரிய பண்ணை அங்கேதான் இருந்தார். ஊர் பழகிவிட்டது. மாயக்காள் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு மேலத்தெரு வழியாகச் சந்தைக்குப் போனாள். இரண்டு பேர் காலிலும் செருப்பு. சத்தம் கேட்டு அவர் தலையைத் தூக்கினார்.

"யாராச்சும் சொல்லிட்டாகளா?"

அம்மாவாசி கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி. மாயக்காள் நின்றாள். பிறகு மலைச்சாமி வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பதைக் கண்டாள்.

"இன்னும் இல்ல" என்று சொல்லிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் சந்தைக்குப் போய்ச் சேர நடையைக் கட்டினாள்.