லூய் கொங் எழ மறுத்த வாரம்

லூய் கொங் இறந்து ஏழு வருடம் கழித்து, முழ அகலத் தகரப் பெட்டிக்குள் இருந்த அவருடைய எலும்புகளை எட்டு ஆட்கள் சேர்ந்தும் நகர்த்த முடியவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் நிலம் குலுங்கித் தீப்பிடித்து, சீனர் தெருக்கள் சாம்பலான பதினோராம் நாள் அது. சீனர் சங்கத்தின் கிடங்கு எரிந்துபோயிருந்தது. சீனாவிலுள்ள சொந்த ஊருக்கு அனுப்ப அங்கே அடுக்கியிருந்த நாற்பத்தொரு பெட்டிகளும் வைத்த இடத்தில் வைத்தபடி கனத்துக் கிடந்தன.

இதில் யாருக்கும் வியப்பில்லை. எலும்பைத் தோண்டி, அரிசி மதுவில் கழுவி, எண்ணிப் பெட்டியில் வைத்தாலும், உறவுக்காரர் ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் இறந்தவர் கிளம்புவார். லூய் கொங்கைக் கூப்பிட வேண்டியவள் மனைவி குவான் ஷீ. மகனை ஊர் மண்ணில் சேர்ப்பதாக மாமியாருக்குச் சத்தியம் செய்து எழுதியிருந்தாள். வெள்ளிக்கிழமை கப்பல். கூப்பிட அவள் வாயைத் திறந்தபோதுதான் கோவேறு கழுதை வண்டிகளோடு நகர அதிகாரி வந்து இறங்கினார். சீனர்கள் தென்கோடிச் சேற்று நிலத்துக்குப் போகவேண்டும், இந்த இடம் இனி வேறு வியாபாரிகளுக்கு என்றார். பெட்டிகளை அகற்றினால்தான் தரையைச் சமப்படுத்த முடியும்.

மருந்துக்கடை மோக் ஃபூன் அவள் பக்கம் குனிந்தான். "அண்ணி, கூப்பிட்டுடாதீங்க. அவர் எழுந்தா நாமளும் இந்த இடத்தை விட்டு எழணும்."

"உனக்கென்னப்பா, உங்கப்பா எலும்பு போன வருஷமே ஊர் போய்ச் சேர்ந்தாச்சு. எம்புருஷன் மட்டும் சோறு வைக்க ஆளில்லாம இங்க பசிச்ச பேயா அலையணுமா?"

அவன் தலைகுனிந்தான். அவளுக்கு அவனை அறையவேண்டும் போலிருந்தது. ஊருக்குப் போகும் பாதையை நினைத்துப் பார்த்தாள். குளம் இடப்பக்கமா வலப்பக்கமா என்று ஞாபகம் வரவில்லை. ஆனால் இந்தச் சாம்பலில், தன் தேயிலைக்கடை வாசற்படி இருந்த இடத்தில் இல்லாத படியில் ஏறக் கால் தானாகவே உயர்ந்தது. அது அவளைப் பயமுறுத்தியது.

அதிகாரியின் மொழிபெயர்ப்பாளர் வந்தார். "அக்கா, உடனே கூப்பிடச் சொல்றாரு. இல்லேன்னா ஜெயில்தானாம்."

"புகையில தொண்டை கட்டிடுச்சுன்னு சொல்லுங்க."

பின்னால் மோக் ஃபூன் இருமினான். அவனுக்கடுத்தவன் இருமினான். நாற்பத்தொரு குடும்பங்களுக்கும் அந்த நிமிடமே குரல் போனது. கடப்பாரைகள் வளைந்தன, கயிறுகள் அறுந்தன, ஒரு கோவேறு கழுதை உட்கார்ந்துவிட்டு எழவேயில்லை. மூன்று பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களும் இருமிக்கொண்டே போனார்கள். வெள்ளிக்கிழமை கப்பல் ஊதியபோது குவான் ஷீ இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த மாதம் வண்டிகள் வருவது நின்றது. அதே இடத்தில் கடைகளைத் திரும்பக் கட்டச் செங்கற்கள் வந்தன.

'உங்கள் மகன் வரமாட்டார், குற்றம் என்னுடையது' என்று மாமியாருக்கு எழுதினாள். ஐந்து மாதம் தூக்கமில்லை. பிறகு பதில் வந்தது, எழுதத் தெரிந்த யாரையோ பிடித்து எழுதியது: "சின்ன வயசுலயே அவன் கூப்பிட்டா வரமாட்டான். சோத்த அங்கயே வை."

புதிய தேயிலைக்கடையின் தரையைப் பெட்டியைச் சுற்றித்தான் போட்டார்கள். காலையில் அதன்மேல் ஒரு கிண்ணம் சோறு வைப்பாள். மற்ற நேரங்களில் வாடிக்கையாளர்கள் அதில் உட்கார்ந்து விலை பேசுவார்கள்.