நாற்பத்தோரு பெஞ்சுகள்

கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணிக்குக் கோச்சம்மா தலைமைப் பயிற்சியாளராக இருந்த இருபத்திரண்டு வருடத்தில், நான் அவருக்கு நாற்பத்தோரு பெஞ்ச் செய்து கொடுத்தேன். நான் அங்கே கட்டடப் பிரிவில் தச்சன். வகுப்பறைக் கதவு, கரும்பலகைச் சட்டம், ஆய்வகத்து முக்காலி எல்லாம் என் கைவேலை. முட்டிக்குக் கீழே என் இடது காலும் என் கைவேலைதான். அசல் கால் அறுப்பு மெஷினோடு போனது. அது பெரிய கதை இல்லை, நாலு நொடியில் முடிந்துவிட்டது. மிஞ்சிக் கிடந்த தேக்கில் ஒரு கால் கடைந்து, தோல்வார் வைத்து மாட்டிக்கொண்டேன். அசலைவிட நல்ல கால். முள் குத்தினால் பிடுங்கிப் போட்டுவிட்டு நடக்கலாம்.

பெஞ்ச் என்றது மைதானத்து ஓரத்தில் மாற்று ஆட்டக்காரிகள் உட்காரும் பெஞ்சை. முதல் பதினாலு வருடத்தில் ஒன்றுதான் செய்தேன், அதையும் கரையான் தின்றது. மீதி நாற்பதைத் தின்றது கோச்சம்மாவின் வலது கால். அந்தக் காலுக்குள் ஒரு முழ நீளத்துக்கு எஃகுக் கம்பி இருந்தது.

கம்பி அங்கே போன விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கோச்சம்மாவும் அவர் தங்கையும் அந்தக் காலத்தில் ஒரே அணியில் ஆடினார்கள். ஒரு நாள் பயிற்சி ஆட்டத்தில் அக்காள் தங்கை இரண்டு பேரும் ஒரே பந்துக்குப் பாய்ந்தார்கள். பந்து தங்கைக்குக் கிடைத்தது. அக்காளுக்கு முட்டிக்குக் கீழே எலும்பு மூன்று இடத்தில் முறிந்தது. வெளியே சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒருவர் டயர் வெடித்துவிட்டதென்று இறங்கிப் பார்த்தாராம். தங்கை மன்னிப்புக் கேட்கவில்லை. "நான் பந்தைத்தான் உதைச்சேன், அவ கால் நடுவுல வந்துச்சு" என்று அம்மாவிடம் சொன்னாள். இருபத்துமூன்று வயதில் ஆட்டம் முடிந்து கோச்சம்மா விசிலைக் கையில் எடுத்தார். தங்கை பிறகு வேறொரு கல்லூரிக்குப் பயிற்சியாளர் ஆனாள். இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

கோச்சம்மாவின் அணி ஒரு அடி வாங்கினால் இரண்டு கொடுக்கும். அணியில் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள் என்பதால், ஒரு ஆட்டத்துக்கு நாலு பேர் மட்டும் சிவப்பு அட்டை வாங்கலாம் என்று கணக்காக வைத்திருந்தார். யாருடைய முறை என்று பெண்கள் முந்தின நாளே பேசி வைத்துக்கொள்வார்கள். கோப்பைகள் வந்தன. அவர் மேஜைமேல் ஒரு ஜாம் பாட்டில் நிறையப் பல் இருந்தது. நம் பல்லும் எதிரணிப் பல்லும் கலந்து கிடந்தன. பல்லுக்குக் கட்சி கிடையாது என்பார்.

பதினைந்தாவது வருடம் புது முதல்வர் வந்தார். வேதியியல் பேராசிரியர், அமிலத்துக்கு அஞ்சாதவர், ரத்தம் மட்டும் ஆகாது. அவர் பார்க்க வந்த முதல் ஆட்டத்தில் எங்கள் தடுப்பாட்டக்காரி கோடாலியின் (அணியில் எல்லோருக்கும் பட்டப்பெயர்தான்) முழங்கை ஒருத்தியின் மூக்கைச் சந்தித்தது. முன்வரிசையில் இருந்த முதல்வரின் வெள்ளைச் சட்டை வெள்ளையாக இல்லாமல் போயிற்று. அவர் நாற்காலியோடு சாய்ந்தார். நாற்காலியை நான் சரி செய்தேன். தெளிந்ததும் முதல்வர் ஓர் உத்தரவு எழுதினார்: இந்தப் பருவத்தில் அணிக்கு இன்னும் ஒரு சிவப்பு அட்டை விழுந்தால் பயிற்சியாளர் வீட்டுக்குப் போகலாம்.

கோச்சம்மா அந்தத் தாளோடு என் பட்டறைக்கு வந்து உட்கார்ந்தார்.

"வேற வேலை எனக்குத் தெரியாதுண்ணே. கால்ல கம்பி இருக்கு, கையில விசில் இருக்கு. அவ்வளவுதான் நான்."

வெகுநேரம் ஒரு பலகையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை பெண்களை வரிசையாக நிறுத்திப் புதுச் சட்டம் சொன்னார். அடி வாங்கினால் திருப்பி அடிக்கக் கூடாது. எழுந்து நின்று கோச்சம்மாவைப் பார்க்க வேண்டும். அவளுக்குப் பதிலாக அவர் பெஞ்சை உதைப்பார். அணியில் சின்னவளான ஊசிக்கு ஒரு சந்தேகம்.

"எவ்வளவு வலிச்சுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் கோச்சம்மா?"

"உன் மூஞ்சியப் பாத்து உதைப்பேன்."

யாரும் நம்பவில்லை. ஆனால் பலித்தது. விலா எலும்பில் இடி வாங்கி எழுந்து நிற்பவளுக்கு, இரண்டு அங்குலப் பலகை தனக்காகப் பிளக்கிற சத்தம் மருந்து போல இறங்கியது. எட்டு ஆட்டத்தில் எட்டு பெஞ்ச் போயிற்று, ஒரு சிவப்பு அட்டைகூட விழவில்லை.

ஒன்பதாவது ஆட்டம் இறுதி ஆட்டம். எதிரே தங்கையின் அணி. முதல்வரின் உத்தரவு அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அம்மா சொல்லியிருந்தார். இரண்டு மகள்களுக்கும் பாரபட்சம் இல்லாமல் எல்லாச் செய்தியையும் போனில் சொல்கிற தாய் அவர். தங்கைக்குக் கோல் தேவைப்படவில்லை. எங்கள் பெண்களில் ஒருத்தி ஒரே ஒரு முறை கையை ஓங்கினால் போதும், அக்காள் வீட்டில் இருப்பாள்.

நான் சுத்தியல், ஒரு டப்பா ஆணி, பன்னிரண்டு பலகையோடு பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். நாலாவது நிமிடம் ஊசியின் விலாவில் முழங்கை இறங்கியது. எழுந்தாள், பார்த்தாள். பெஞ்சின் கைப்பிடி போயிற்று. பதினோராவது நிமிடம் கோடாலியின் கணுக்காலிலிருந்து முட்டி வரை பூட்ஸ் ஆணி உழுதுகொண்டு போனது. சாக்ஸ் கிழிந்த இடத்தில் முதலில் வெள்ளையாகவும் பிறகு சிவப்பாகவும் தெரிந்தது. நடுப்பலகை இரண்டாயிற்று. அவர் உதைக்க, நான் ஆணி அடிக்க, அவர் உதைக்க. ஆட்டத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை, காதால் கேட்டேன். எலும்புக்கு ஒரு சத்தம், பல்லுக்கு ஒரு சத்தம்.

இடைவேளையில் உடைமாற்றும் அறைத் தரை கசாப்புக் கடை மாதிரி இருந்தது. இரண்டு பல், ஒரு புருவம், பாதிக் காது. காதுக்குச் சொந்தக்காரி அதை டவலில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். மூக்கில் பஞ்சு அடைத்த கோடாலி கேட்டாள்.

"ஒரே ஒரு தடவை கோச்சம்மா. கைகூட இல்ல, தோளால."

"உன் தோள் பட்டா அவ எங்க போய் விழுவான்னு எனக்குத் தெரியும். உக்காரு."

எண்பதாவது நிமிடம் வரை கோல் இல்லை. என் பலகை பன்னிரண்டும் தீர்ந்து, பெஞ்ச் இருந்த இடத்தில் அடுப்பெரிக்கிற அளவுக்குச் சிராய் குவிந்து கிடந்தது. அப்போதுதான் கதவு என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் கோல்கீப்பர் பாய்ந்து பந்தை அணைத்தாள். எதிரணி ஃபார்வர்டு பந்தை விட்டுவிட்டு முகத்தை உதைத்தாள். தாடை இடம் மாறியது. நடுவர் மஞ்சள் அட்டையோடு நிறுத்திக்கொண்டார். கதவு எழுந்து, கழன்ற தாடையைக் கையுறையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, சட்டப்படி கோச்சம்மாவைப் பார்த்தாள். மற்ற பத்துப் பேரும் பார்த்தார்கள்.

கோச்சம்மா திரும்பினார். உதைக்க எதுவும் இல்லை.

பக்கத்துப் பயிற்சியாளர் கட்டத்திலிருந்து தங்கை, பல வருடத்துக்குப் பிறகு, அக்காளிடம் வாய் திறந்தாள்.

"என்னக்கா, உதைக்க ஒண்ணும் மிச்சமில்லையா? புள்ளைங்க காத்துட்டிருக்காங்க பாரு."

கோடாலி மூக்குப் பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்த ஃபார்வர்டை நோக்கி நடக்கத் தொடங்கினாள். எட்டு அடி தூரம்தான். எட்டாவது அடியில் கோச்சம்மாவின் பதினைந்து வருட உத்தியோகம் முடிந்துவிடும். மூன்று அடி வைத்துவிட்டாள். நான் தரையில் உட்கார்ந்து, பேண்டை ஏற்றி, வாரை அவிழ்த்து, காலை எடுத்து அவர் முன்னால் நிமிர்த்தி வைத்தேன்.

"அண்ணே, இது உங்க கால்."

"தேக்கும்மா. சீக்கிரம்."

உதைத்தார். பழுப்பு ஷூவும் கட்டிய லேஸுமாக என் கால் கிளம்பியது. அது நேராகப் போகவில்லை. நேராகப் போயிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். ஸ்கோர் பலகையில் இடித்து, அங்கிருந்து கொடிக்கம்பத்தில் மோதி, ஷூ முன்னால் வர இறங்கி, தங்கையின் வலது முட்டிக்குக் கீழே விழுந்தது. மூன்று சத்தம் கேட்டது. வெளியே ரோட்டில் யாரோ சைக்கிளை நிறுத்தி டயரைப் பார்த்தார்கள்.

கோடாலி ஐந்தாவது அடியில் நின்றுவிட்டாள். பதினொரு முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி. கதவு சிரிக்கப் பார்த்தாள், தாடை இடம் கொடுக்கவில்லை.

நடுவர் பையில் கை விட்டபடி வந்தார். தான் உதைத்தது பெஞ்சுக்குப் பதிலாக வைத்த பொருளை, பெஞ்சை உதைத்ததற்கு இந்தப் பருவத்தில் யாரும் அட்டை காட்டியதில்லை என்று கோச்சம்மா அமைதியாகச் சொன்னார். நடுவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மரக்கால் பற்றி அதில் ஒன்றும் இல்லை. கடைசியில், இந்தக் கால் யாருடையது என்று கேட்டார். நான் கை தூக்கினேன். சிவப்பு அட்டையை எனக்குக் காட்டினார். சட்டை எண் கேட்டார். எனக்குச் சட்டை எண் இல்லை, கட்டடப் பிரிவு, தச்சன் என்றேன். அப்படியே எழுதிக்கொண்டு வெளியே போகச் சொன்னார். நொண்டியடித்துக்கொண்டு போனேன். எதிரணி முழுதும் ஸ்ட்ரெச்சரையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், விசில் ஊதியதும் ஊசி ஒருத்தியாகப் பந்தை நடத்திக்கொண்டு போய்க் கோலுக்குள் வைத்துவிட்டு வந்தாள்.

தாடை கழன்ற நிமிடத்திலேயே மயங்கிவிட்ட முதல்வர், மறுநாள்தான் அறிக்கையைப் படித்தார். சிவப்பு அட்டை கட்டடப் பிரிவுக்கு விழுந்திருந்தது. அணிக்கு ஒன்றுமில்லை. பணி நேரத்தில் காலைக் கழற்றக் கூடாது என்று எனக்கு ஒரு கடிதம் வந்ததோடு சரி. கோச்சம்மா அதற்கப்புறம் ஏழு வருடம் இருந்தார்.

நாலு மாதம் கழித்து ஒரு மத்தியானம் பட்டறை வாசலில் ஊன்றுகோல் சத்தம். வந்தவர் தங்கை. காலுக்குள் கம்பி வைத்த பிறகு ஒருவரை ஒருமையில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோச்சம்மா புதுப் பெஞ்சுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எனக்கும் ஒரு பெஞ்ச் வேணும்ண்ணே. எம் புள்ளைங்களும் இப்ப அடி வாங்கிட்டு என்னையே பாக்குறாங்க" என்றார் தங்கை. பிறகு அக்காளைப் பார்த்து, "குறி வச்சுத்தானே உதைச்சே?" என்று கேட்டார்.

"நான் பெஞ்சைத்தான்டி உதைச்சேன்" என்றார் கோச்சம்மா. "உன் கால் நடுவுல வந்துச்சு."

நான்தான் பேச்சை மாற்ற, மாம்பலகை போதுமா, அது மலிவு, லேசாகவும் இருக்கும் என்று கேட்டேன். தங்கை ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த முக்காலியை வலது காலால் ஒரு உதை விட்டார். அதன் மூன்று கால்களும் மூன்று திசையில் போயின. நான் அதில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"தேக்குப் போடுங்கண்ணே" என்று கோச்சம்மா என்னைத் தூக்கிவிட்டார்.