வெயில் ஊரில் போர்வை

பங்குனி பிறந்துவிட்டால் திண்டிவனத்தில் உடம்பில் கட்டியிருக்கிற துணியே பாரம். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு பரிமளா போர்வை தைத்தாள்.

அதுவும் சாதாரணப் போர்வை இல்லை. தையல் கடைகளில் மிஞ்சும் வெட்டுத்துணிகளை மூட்டையாக வாங்கி வருவாள். நிறம் பார்த்துப் பிரித்து, சதுரமும் முக்கோணமுமாக நறுக்கி, ஒன்றோடு ஒன்று சேர்ப்பாள். நடுவில் மெல்லிசாகப் பஞ்சு, அடியில் ஒரு துணி. மூன்றும் நகராமல் இருக்க மூலைக்கு மூலை கையாலேயே நூல் ஓட்டுவாள். ஒரு ஒட்டுப்போர்வை முடிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். முடிந்ததும் கொடியில் போட்டு, எட்ட நின்று பார்த்து, தனக்குத்தானே தலையாட்டிக்கொள்வாள். அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இருக்காது.

"இந்த ஊரு வெயிலுக்குப் போர்வை தைக்கிற ஒரே ஆளு நீதான்" என்பார் அவள் கணவர் சுப்பராயலு. மல்லாட்டை என்கிற நிலக்கடலைக்கு மண்டி வைத்திருப்பவர். ஒருமுறை திடீர் மழையில், முற்றத்தில் காய்ந்த மல்லாட்டைக் குவியல்மேல் அவள் போர்வையைத்தான் எடுத்துப் போர்த்தினார். மல்லாட்டை நனையவில்லை. அவர்தான் ஒரு வாரம் வீட்டில் நனைந்தார்.

உறவில் கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா எதுவானாலும் பரிமளாவின் பரிசு போர்வைதான். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பதால் எல்லாரும் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டார்கள். பெருமுக்கலில் இருக்கும் நாத்தனார் ஜெயத்தின் வீட்டுக்குப் போனபோதுதான் ஒன்று தெரிந்தது. வாசலில் நின்ற ஸ்கூட்டர்மேல், மூன்று மாதம் கண் வலிக்கத் தைத்த மயில்கழுத்துப் பச்சைப் போர்வை கிடந்தது.

"சூப்பரா இருக்குது அண்ணி. சீட்டு சூடே ஏறுறதில்ல" என்றாள் ஜெயம், உண்மையான நன்றியோடு.

கோபம் வந்ததா என்றால் வந்தது. மறுநாள் கத்தரிக்கோலைக் கையில் எடுத்ததும் போய்விட்டது. பரிமளாவுக்குத் தைப்பதில் இருந்த சந்தோஷம் அப்படி. இரண்டு பிள்ளைகளும் வேலைக்கு வெளியூர் போய்விட்டார்கள். மண்டியும் நன்றாக ஓடியது. அவளுக்குக் குறை என்று ஒன்றும் இல்லை. ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. தான் தைத்த போர்வை ஒன்றையாவது யாராவது, "இது எனக்கு வேணும்" என்று ஆசைப்பட்டு வைத்துக்கொள்ள வேண்டும். மரியாதைக்கு வாங்கியவர்கள் போதும்.

சனிக்கிழமைகளில் அவள் விழுப்புரத்துக்கு ரயிலேறுவாள். அங்கே ஒரு தொண்டு நிறுவனத்தின் கூடத்தில் பெண்களுக்கு இலவசமாகத் தையல் சொல்லிக்கொடுக்கிறாள். பெட்டியில் உட்கார இடம் கிடைத்ததும் ஊசியை எடுத்துவிடுவாள். எதிரில் இருப்பவர்கள் செல்போனை விட்டுவிட்டு அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். அவளுக்கு அது பிடிக்கும். பிடிக்காததுபோல் முகத்தை வைத்துக்கொள்வாள்.

வகுப்பில்தான் அவளுடைய பாச்சா பலிக்காது. அங்கே வருபவர்களுக்குத் தேவை ஜாக்கெட்.

"டீச்சர், போர்வையை யாரு காசு குடுத்துத் தைப்பாங்க? கழுத்து வெட்டறது எப்படின்னு காட்டுங்க, கை ஏத்தறது எப்படின்னு காட்டுங்க. பொழப்பு ஓடும்" என்பாள் வீரம்மாள். காலையில் இட்லிக் கடை போட்டுவிட்டு மாவு வாசனையோடு வகுப்புக்கு வருபவள். மனதில் பட்டதை வாயில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

அதனால் ஒரு மணி நேரம் ஜாக்கெட், ஒரு மணி நேரம் போர்வை என்று உடன்பாடு. முதல் மணியில் எல்லார் கண்ணும் டீச்சர் கையில் இருக்கும். இரண்டாவது மணியில் எல்லார் கண்ணும் கடிகாரத்தில் இருக்கும்.

ஆர்த்தி மட்டும் விலக்கு. அவளுக்குப் போர்வை பிடித்தது. துண்டுத்துணிகளைத் தரையில் பரப்பி மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள். காதல் கல்யாணம் செய்துகொண்டு வந்த பெண். அம்மா வீட்டு வாசல் அன்றோடு மூடிவிட்டது. கணவன் செல்வகுமார் லாரி ஓட்டுகிறான். போனால் வாரக்கணக்கில் வடக்கே. அவளுக்கு நிறைமாதம்.

"குழந்தைக்குத் துணிமணிக்கு இன்னா பண்றதுன்னு தெரியல டீச்சர். மத்தவங்களுக்கு அம்மா வூட்டுல குடுப்பாங்க" என்றாள் ஒருநாள், ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே.

"அந்தக் கவலையை எங்கிட்ட விடு. எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றாள் பரிமளா.

பார்த்துக்கொண்டாள். அந்த ஐப்பசி முழுக்க வேறு வேலை தொடவில்லை, ராத்திரியும் விளக்கைப் போட்டுத் தைத்தாள். மஞ்சள் துணியில் வெள்ளை நட்சத்திரம் வைத்துப் பிள்ளைக்குச் சின்னப் போர்வை இரண்டு. ஆர்த்திக்குச் செம்மண் நிறத்தில் பெரியது ஒன்று. கடையில் புதிதாக வாங்கிய நல்ல துணி, வெட்டுத்துணிகூட இல்லை. ஒரு பையில் அடுக்கி வகுப்பு அலமாரியில் வைத்தாள். இந்தத் தடவை ஸ்கூட்டருக்குப் போகாது என்ற நிம்மதி அவளுக்கு.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, காலையிலிருந்தே மழை. வகுப்பு பாதியில் இருக்கும்போது ஆர்த்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஆட்டோ வந்தது. செல்வகுமாருக்குப் போன் போட்டால் அவன் நாக்பூர் தாண்டி எங்கோ இருந்தான். "கூடத்தைப் பூட்டிட்டு ஊட்டுல சொல்லிட்டு வந்துடறேன்" என்றாள் வீரம்மாள். பரிமளா பையை எடுத்துக்கொண்டு ஆர்த்தியோடு ஏறினாள்.

பிரசவ ஆஸ்பத்திரியில் ஆர்த்தியை உள்ளே கொண்டுபோனார்கள். தாழ்வாரம் முழுக்க ஆள். மழைச்சாரல் அடித்துத் தரை ஐஸாக இருந்தது. சீலைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு பெண்கள் சுவரோரம் ஒண்டியிருந்தார்கள். பரிமளாவுக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

கதவு திறந்தது. "ஆர்த்தி கூட வந்தவங்க யாரும்மா? பொறக்கிற நேரம் ஆயிடுச்சு, குழந்தைக்குத் துணி குடுங்க" என்றாள் நர்ஸ்.

இந்த ஒரு நொடிக்காகத்தானே ஒரு மாதம் தைத்தது! பரிமளா நட்சத்திரப் போர்வையை எடுத்து நீட்டினாள். நர்ஸ் இரண்டு விரலால் துணியைத் தேய்த்துப் பார்த்தாள்.

"இது புதுசும்மா."

"புத்தம்புதுசு சிஸ்டர்!" என்றாள் பரிமளா பெருமையாக.

"அய்யோ, பச்சைப் பிள்ளைக்குப் புதுத்துணி போடுவாங்களா? மொடமொடன்னு இருக்குது, மேல எல்லாம் தையல் வேற. தோலு உறுத்தும். பழந்துணி குடுங்க. துவைச்சு நைஞ்ச வேட்டி, நூல்புடவை எதாவது. ஜல்தி." கதவு சாத்திக்கொண்டது.

பரிமளாவுக்குத் தலையில் கல் விழுந்ததுபோல் ஆயிற்று. ஊர் உலகத்துக்கே தெரிந்த சங்கதி. பிறந்த பிள்ளைக்கு முதல் துணி பழந்துணிதான். நன்றாக வாழ்ந்த மனிதர் கட்டிப் பழகிய துணி. அவளுடைய இரண்டு பிரசவத்துக்கும் மாமியார் ஒரு பையோடு வந்து எல்லாம் பார்த்துக்கொண்டார். அந்தப் பைக்குள் என்ன இருந்தது என்று அவள் எட்டிப் பார்த்ததே இல்லை. நட்சத்திரத்துக்கு எந்த மஞ்சள் பொருந்தும் என்று யோசித்த மூளைக்கு இது எட்டவில்லை.

வீரம்மாளுக்குப் போன் அடித்தாள்.

"பழந்துணி எடுத்துக்காமலா போனீங்க? அத சொல்லித் தெரியணுமா டீச்சர்? உங்களுக்குத் தெரியாதான்னு நாங்க வாயத் தொறக்கல. நான் இப்பதான் ஊட்டுக்குப் போய்க்கினு இருக்கேன், வந்து சேர ஒரு மணி நேரம் ஆவும்!"

தன் புடவையைப் பார்த்தாள். வகுப்புக்கு என்று கட்டிய கஞ்சி போட்ட புதுப்புடவை. வெறுங்கை முழம் போடுமா? வேறு வழி இல்லை, யாரிடமாவது கேட்டாக வேண்டும்.

வாழ்நாளெல்லாம் கொடுத்தே பழகிய கை அது. கேட்டுப் பழகாதது. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "எங்களுதே பத்தாதும்மா" என்று அவள் பையை இறுக்கிக்கொண்டாள். அடுத்தவள் காதில் விழாததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பரிமளாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வேண்டாததை நீட்டினால் எல்லாரும் சிரித்துக்கொண்டு வாங்குகிறார்கள். வேண்டியதைக் கேட்டால் பையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்கள்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. தான் தைத்த ஒன்றை இப்படி யாரும் இறுக்கிப் பிடித்துக்கொண்டதில்லையே என்றுதான் தோன்றியது.

"இந்தாம்மா, இங்க வா. இன்னாத்துக்கு அழுவுற?"

தூணோரம் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கூப்பிட்டாள். பரிமளா வயதுதான் இருக்கும். மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்துக்காரி, பேர் பவுனு. மீன் கூவி விற்ற குரல், ஆஸ்பத்திரி என்றும் பாராமல் கணீரென்று கேட்டது. அவளுடைய மகளும் உள்ளே இருந்தாள்.

பரிமளா விஷயத்தைச் சொன்னாள்.

"உன் பொண்ணா?"

"இல்லக்கா. எங்கிட்ட தையல் கத்துக்குது. அம்மா வூட்டுல யாரும் வரல."

"அப்ப நீதான் அம்மா வூடு" என்று சொல்லிக்கொண்டே பவுனு பையை அவிழ்த்தாள். வெள்ளை வேட்டியை நாலாகக் கிழித்துத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். இரண்டை எடுத்துப் பரிமளா கையில் வைத்தாள். "எங்க ஊட்டுக்காரரு கட்டின வேட்டி. எந்தக் காத்து மழையில கடலுக்குப் போனாலும் கரைக்கு வராம இருந்ததில்ல அந்த மனுசன். இத சுத்தச் சொல்லு. புள்ள நல்லா இருக்கும். ஓடு!"

பரிமளா ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் அந்த வேட்டித் துண்டில் சுற்றி ஒரு பெண் குழந்தையை வெளியே கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்கள். துணி இருப்பதே கைக்குத் தெரியவில்லை. குழந்தையின் சூடுதான் தெரிந்தது. இப்படி ஒரு துணியைத் தான் தைத்ததே இல்லை என்று பரிமளா நினைத்தாள். பொறாமை இல்லாமல், நிறைந்த மனதோடுதான் நினைத்தாள்.

குழந்தையை ஆர்த்தியிடம் சேர்த்துவிட்டுத் திரும்பி வந்து, பையிலிருந்த பெரிய செம்மண் போர்வையைப் பவுனுவிடம் நீட்டினாள்.

பவுனுவின் முகம் கடுத்தது. "துணிக்குத் துணி மாத்த நான் இன்னா பாத்திரக்காரியா? புள்ளைக்குன்னு குடுத்தேன். எடுத்துக்கினு போ."

"மாத்த வரலக்கா. தரை இப்படி ஜில்லுனு இருக்குதே. உங்க பொண்ணுக்கு ஆவற வரைக்கும் கீழ போட்டு உக்காருங்க. அவ்ளோதான்."

பவுனு யோசித்தாள். பிறகு போர்வையை வாங்கி விரித்து, ஓரத்தில் மட்டும் பட்டும்படாமல் உட்கார்ந்தாள். வீரம்மாள் வந்து ஆர்த்திக்குத் துணையிருக்க, பரிமளா வீட்டுக்குக் கிளம்பியபோது போர்வை வழக்கம்போல மனதிலிருந்து விலகிவிட்டது. கொடுத்த போர்வைகளைத் தேடிப் போய்ப் பார்க்கிற வழக்கத்தைப் பெருமுக்கலோடு அவள் விட்டிருந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சுப்பராயலுவையும் இழுத்துக்கொண்டு வந்தாள். பீரோவிலிருந்த அவருடைய நைந்த வேட்டிகள் அத்தனையும் துவைத்து மடித்துப் பையில் இருந்தன. வழியெல்லாம் அவர், "எல்லாத்தையும் எடுத்துக்கினியே, நான் இன்னாத்தக் கட்டுவேன்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஆர்த்தி அவற்றை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்தாள். செல்வகுமார் வந்துகொண்டிருக்கிறான் என்றாள்.

பக்கத்து வார்டில் பவுனு இருந்தாள். மகளுக்கு விடியற்காலையில் ஆண் குழந்தை. பவுனு கட்டிலோரத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கழுத்திலிருந்து கால்வரைக்கும் செம்மண் போர்வை சுற்றியிருந்தது.

பரிமளாவைப் பார்த்ததும் அவள் போர்வையின் இரண்டு முனையையும் மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சரம்மா, வா. ஒண்ணு சொல்லிடறேன், தப்பா நெனைக்காத. இத மட்டும் திருப்பிக் கேட்டுடாத. குடுக்க மாட்டேன்."

பரிமளா கட்டிலுக்குக் கிட்டே போனாள்.

"நேத்து ஒரே பேஜாரு" என்றாள் பவுனு. "பக்கத்துல படுத்திருந்தவ குளுருதுன்னு பாதிய இழுத்துப் போத்திக்கினா. சரி, போனா போவுதுன்னு உட்டேன். காலையில மடிச்சுத் தன் பையில வைக்கிறா! உடுவனா? வார்டே கூடிப் போச்சு. சண்டை போட்டுப் புடுங்கி வச்சிருக்கேன்."

பரிமளாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. பவுனு பயந்துபோனாள். "அய்ய, இதுக்கு ஏன் அழுவுற? உனக்கு வேணும்னா..." என்று இழுத்தாளே தவிர, பிடியைத் தளர்த்தவில்லை.

பரிமளா கணவர் பக்கம் திரும்பினாள். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கி வந்த பிள்ளைபோல் இருந்தது முகம்.

"கேட்டீங்களா?" என்றாள். "சண்டை போட்டிருக்காங்க."