நிலவறையில் எடுத்த படம்

லண்டன் தெருக்களில் பால்வண்டி உருளும் முன்பே எஸ்தர் வாலன்ஸ், தான் வேலை பார்க்கும் கல்லூரியின் நிலவறை ஆய்வகத்துக்குள் இறங்கிவிட்டாள். வெளியே கரிப்புகை கலந்த மூடுபனி. உள்ளே பம்பு எண்ணெயின் கமறல். எங்கே நின்றாலும் தொண்டைக்கு நிம்மதியில்லை.

முடியைவிட மெல்லிய டி.என்.ஏ. இழை எக்ஸ்-கதிர் கேமராவுக்குள் நின்றது. உப்புநீரைத் தாண்டி வரும் வாயு குமிழ் குமிழாக ஏறி அதற்கு ஈரம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் இழை சுருங்கும், படம் பாழ். காய்ந்த இழைக்கு ஒரு வடிவம், ஈரம் குடித்த இழைக்கு வேறொரு வடிவம் என்று கண்டுபிடித்தவள் எஸ்தர்தான். அதற்கு முன்னால் இரண்டையும் ஒன்றாகப் படமெடுத்துவிட்டு, இயற்கைதான் குழப்புகிறது என்று பழிபோட்டுக்கொண்டிருந்தார்கள் மேதாவிகள்.

கல்தரையில் மண்டியிட்டு அவள் குழாயைச் சரிசெய்தபோது ஆல்ஃப் தேநீரோடு வந்தார். அந்தக் கேமராவைக் கடைந்து கொடுத்த பட்டறைக்காரர்; தொழிற்சங்கத்துக்காரரும்கூட.

"ஈய அங்கியைப் போடாம குனியறீங்களே டாக்டரம்மா. நீங்க படிச்சவங்கன்னு அந்தக் கதிருக்குத் தெரியுமா?"

"ஒரு நிமிஷ வேலைதான் ஆல்ஃப்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அப்புறம் கை வெந்து என்கிட்ட வந்து நிக்கிறாங்க."

எஸ்தருக்குச் சிரிக்க நேரமில்லை. போன வாரம் எடுத்த படம் மனசை அரித்துக்கொண்டிருந்தது. நடுவில் கறுப்புப் புள்ளிகள் பெருக்கல் குறியாக விழுந்த படம். இழை சுருளாக முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அது பளிச்சென்று சொன்னது. ஆனால் கணக்கு முடியாமல் வாய் திறக்க மாட்டாள். அது அவள் பிடிவாதம். அளவெடுக்க இருட்டறைக்குப் போனாள். காயப்போடும் கயிற்றில் கிளிப் மட்டும் தொங்கியது.

"அதை டாக்டர் ப்ரெண்டிஸ் நேத்தே எடுத்துட்டுப் போனாரே" என்றாள் இருட்டறை வேலை பார்க்கும் வின்னி. "நான்தான் கழட்டிக் கொடுத்தேன்."

ப்ரெண்டிஸ் அதே துறையில் இன்னொரு ஆராய்ச்சியாளர். அங்கே வழக்கம் அப்படி. கயிற்றில் தொங்கும் படத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், சாயங்காலத்துக்குள் திரும்பித் தொங்கவிட வேண்டும். யாரும் யாரையும் கேட்பதில்லை. நிலவறையை விட்டுப் படம் வெளியே போகும் என்று யாரும் நினைத்ததுமில்லை.

அது போன இடத்தைச் சொன்னவள், காலிக் கோப்பைகளை எடுக்க இறங்கி வந்த டூலி அம்மாள்; மேல்மாடிச் சாப்பாட்டு அறையில் பரிமாறுபவள். ஆண் பேராசிரியர்களுக்கு மட்டுமான அறை அது.

"நேத்து சூப்பு ஊத்தும்போது பார்த்தேன். வெளியூர்ப் பல்கலைக்கழகத்துக்காரர் ஒருத்தர் வந்திருந்தாரு. ப்ரெண்டிஸ் படத்தை நீட்டினாரு. அந்த மனுஷன் வாயைப் பொளந்துட்டாரு. சூப்பு ஆறிப்போச்சு, தொடலை. காகிதத்துல என்னமோ கிறுக்கிக்கிட்டே ரயிலுக்கு ஓடினாரு."

எஸ்தருக்குப் புரிந்துவிட்டது. தன் படத்தை வைத்து இன்னொருவன் டி.என்.ஏ.யின் வடிவத்தை முந்திச் சொல்லிவிடுவான், தன் பெயர் எங்கேயும் இருக்காது. நேரே துறைத்தலைவர் ஹாலிவெல்லின் அறைக்குப் போனாள். அவர் பைப்பைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அறிவியல்ல உன்னுது என்னுதுன்னு உண்டா, மிஸ் வாலன்ஸ்?"

"டாக்டர் வாலன்ஸ். இல்லைன்னா கட்டுரைக்குக் கட்டுரை உங்க பேரு எதுக்கு சார் முதல்ல வருது?"

அவர் முகம் கறுத்தது. "சாப்பிடும்போது நாலு பேர் பேசிக்கிட்டாங்க. இதைப்போய்ப் பெரிசு பண்றீங்க."

"அந்த நாலு பேரோட நான் உட்கார முடியாதே."

"அது பழைய வழக்கம், நான் போட்டதில்லை. சரி, தப்பு நடந்ததுன்னே வெச்சுக்குவோம். படத்தைக் கழட்டிக் கொடுத்தது யாரு? அந்த இருட்டறைப் பொண்ணுதானே. நீங்க புகார் கொடுங்க, அவளை அனுப்பிடறேன். இல்லைன்னா இதை இதோட விட்டுடுங்க."

பாவி மனுஷன், எடுத்தவனை விட்டுவிட்டுக் கொடுத்தவள் கழுத்தில் கயிற்றை மாட்டிவிட்டான்.

எஸ்தர் கீழே வந்து சொன்னதும் வின்னி தன் கோட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். புருஷன் போரில் போனவன். இரண்டு பிள்ளைகளும் அவள் சம்பளத்தை நம்பித்தான்.

"நான் போயிடறேன் டாக்டரம்மா. உங்க உழைப்பு முக்கியம்."

"பைத்தியமா உனக்கு? படம் போனாப் போகட்டும். நான் வாயை மூடிக்கிறேன்."

"ரெண்டு பேரும் பேசறது நல்லா இருக்கு" என்று சீறினார் ஆல்ஃப். "நீங்க மூடிக்கிட்டா நாளைக்கு அடுத்த படம் போகும். இவ போனா அடுத்தவ வருவா, அவளும் போவா. அவருக்கென்ன நஷ்டம்?"

இன்னும் அங்கேயே நின்ற டூலி அம்மாள் அப்போதுதான் பேசினாள். "எல்லாம் அந்த மேசையிலதானே முடிவாகுது. அங்கேயே வந்து உட்காருங்க."

"பொம்பளைங்களை உள்ளே விடமாட்டாங்களே" என்றாள் வின்னி.

"நான் தினம் போறேனே. தட்டைத் தூக்கினா தடையே இல்லை. உட்காரத்தான் தடை."

எஸ்தர் திரும்பிக் கேமராவைப் பார்த்தாள். கேமராவில் புதுப்படம் பாதி பதிவாகியிருந்தது. நடுவில் நிறுத்தினால் அவ்வளவும் வீண். இதுவரை எஸ்தர் ஒருநாளும் நிறுத்தியதில்லை, காய்ச்சலில்கூட. அவள் கை விசைமேல் தயங்கியது. பிறகு அவளே அணைத்தாள். பம்பின் இரைச்சல் அடங்க, குமிழ்கள் நின்றன. கண்ணாடிக் குழாய் ஊதும் தொழிலாளியும் கணக்குப் போடும் பெண்கள் இருவரும் என்ன ஆயிற்று என்று எட்டிப்பார்த்தார்கள். ஆல்ஃப் சொன்னார். அவர்களும் கூடவே படியேறினார்கள்.

மேலே மதியச் சாப்பாடு தொடங்கியிருந்தது. எஸ்தர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். எண்ணெய்க் கையோடு ஆல்ஃப், அவருக்குப் பக்கத்தில் வின்னி, பிறகு மற்றவர்கள். ஹாலிவெல்லின் கரண்டி பாதியில் நின்றது.

"யாரைக் கேட்டு உள்ளே வந்தீங்க?"

"கயித்துல இருந்து படம் இங்கே வந்தப்போ யாரைக் கேட்டீங்க?" என்றாள் எஸ்தர். "கீழே கதிரை நிறுத்தியாச்சு. எடுத்தவங்க பேரில்லாம, அவங்க சம்மதமில்லாம இனி ஒரு படமும் வெளியே போகாது. வின்னி வேலையிலேயே இருப்பா. இதுக்கு நீங்க சம்மதிக்கிற வரைக்கும் பம்பு ஓடாது."

ப்ரெண்டிஸ் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹாலிவெல் தன் கரண்டியைக் கீழே வைத்தார். அந்த வெளியூர்க்காரன் இந்நேரம் கம்பியும் தகடும் வைத்து டி.என்.ஏ.வுக்கு மாதிரி உருவம் கட்டத் தொடங்கியிருப்பான்; எஸ்தருக்கு அது தெரியும். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

டூலி அம்மாள் சூப்புப் பானையை மேசைமேல் வைத்துவிட்டு, ஏப்ரனை அவிழ்த்து, வின்னிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்ப யாரு ஊத்தறது?" என்று கிசுகிசுத்தாள் வின்னி.

"பசிக்கிறவங்க ஊத்திக்கட்டும்."

கடைக்கோடி நாற்காலியிலிருந்த விரிவுரையாளர் ஒருவர், ஹாலிவெல்லைப் பார்க்காமல், எழுந்து வந்தார். பானையின் கரண்டியை எடுத்து ஒரு கிண்ணத்தை நிரப்பி, வின்னியின் முன்னால் வைத்தார்.