பாடகர் வரும்வரை

அப்பா மூன்றாவது முறையாக நர்ஸின் கையைத் தட்டிவிட்டார். ஊசி கட்டிலுக்கடியில் உருண்டு ஓடியது.

"அவன் வரட்டும். தூங்கிட்டா எப்படிப் பேசுறது?"

"இந்த வலியை யாராலயும் தாங்க முடியாதும்மா. அவர் எப்பதான் வருவாராம்?" என்று நர்ஸ் மகளிடம் கேட்டாள்.

வம்பை விலைக்கு வாங்கியவள் மகள்தான். காலையில் பாடகருக்குப் போன் செய்திருந்தாள். அப்பாவின் முதல் ராக் குழுவில் பாடியவர். பதினாறு வருடம் அவர் முதுகைப் பார்த்துத்தான் அப்பா டிரம்ஸ் வாசித்தார். பிறகு நாலு குழுக்களின் பெரிய தலைகள் சேர்ந்து ஒரு நட்சத்திரக் குழு கட்டினார்கள். முதல் குழுவின் சுற்றுப்பயணத்தின் பாதியில் அப்பா பெட்டியைக் கட்டிக்கொண்டு அங்கே ஓடினார். அது பதினோரு மாதத்தில் புட்டுக்கொண்டது. அதற்கப்புறம் கூப்பிட்ட குழுவுக்கெல்லாம் வாசித்தார். பழைய குழுவின் பக்கம் மட்டும் தலைவைத்தும் படுக்கவில்லை.

"குழு மாறுறது அவனுக்கு என்ன புதுசா? இப்பவும் மாறிட்டுப் போகட்டும். நான் வரலை" என்று சொல்லிப் பாடகர் போனை வைத்துவிட்டார்.

அப்பாவின் காதுகளை நாற்பது வருட இரைச்சல் தின்றுவிட்டது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். "என்ன சொன்னான்?" என்றார்.

"கிளம்பிட்டாராம்ப்பா."

ஒரு நிமிஷமாவது சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்தாள், பாவி. இப்போது மணி மூன்று. அப்பா தலையணை உறையைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறார்.

வராந்தாவுக்கு ஓடிப்போய் மறுபடி கூப்பிட்டாள்.

"மாமா, உங்க கால்ல விழறேன். அரை மணி நேரம் போதும்."

"டிரம்ஸ் இல்லாம ஆயிரம் பேர் முன்னாடி நின்னது நான்மா. உங்கப்பா இல்ல."

"நீங்க வர்றீங்கன்னு பொய் சொல்லிட்டேன் மாமா. ஊசி போட விட மாட்டேங்கறார்."

"என்னைக் கேட்டா சொன்னே?" என்றார் பாடகர். அவ்வளவுதான், போனை வைத்துவிட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுவதென்றுதான் திரும்பினாள். கதவருகிலிருந்து அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள்.

"வந்துட்டானா?"

பாடகர் எப்போதும் தாமதமாகத்தான் வருவார். அவர் மேடையோரம் வந்து சேர்ந்ததும், அரங்கத்தின் பின்னாலிருந்து ஒலிக்காரர் டார்ச்சை இரண்டு முறை அடிப்பார். அதைப் பார்க்காமல் அப்பா குச்சியைத் தூக்கமாட்டார். சின்ன வயதில் சில நாள் அவளே அடித்திருக்கிறாள். போனின் டார்ச்சை அவர் பக்கம் திருப்பி இரண்டு முறை அடித்தாள்.

அப்பா தானாகவே நர்ஸிடம் கையை நீட்டினார். "சீக்கிரம் போடும்மா. அவன் முன்னாடி நான் கத்தக் கூடாது. மருந்து ஏறுறதுக்குள்ள ரெண்டு வார்த்தை பேசிடுவேன்."

நர்ஸ் புது ஊசி போட்டாள். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, ஓர் ஆள் உட்காரும் அளவுக்குக் கட்டிலோரத்திலிருந்து காலை நகர்த்தினார். கதவையே பார்த்துக்கொண்டிருந்தவரின் இமைகள் மெல்ல இறங்கின.

நாலேகாலுக்கு மூச்சு நின்றது. போர்வையை இழுத்துவிட்ட நர்ஸ், காலை நேராக்கக் குனிந்தாள்.

"இருக்கட்டும் சிஸ்டர்" என்றாள் மகள்.