கிளறன்ஸ் விழுங்காத குளிசைகள்

பிற்பகல் இரண்டு மணி ஷிஃப்டுக்கு முன் கொஞ்சம் தலைசாய்க்கலாமென்று கிளறன்ஸ் நினைத்திருந்தார். கிளினிக்கிலிருந்து வந்த திடீர் அழைப்பு அதையும் கெடுத்தது. கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறி, நின்றபடியே வந்து சேர்ந்தபோது கால்கள் கெஞ்சின.

அவரும் சேர்ந்திருந்த சிறுநீரக ஆய்வை நடத்தும் டொக்டர் நிஷாந்தி, முதல் வேலையாக அவருக்குப் பிரஷர் பார்த்தாள். நூற்றித் தொண்ணூறு.

"போன மாசம் நூற்றி முப்பது. குளிசை ஒழுங்கா போடுறீங்களா அங்கிள்?"

"ஓம், போடுறன்."

"போன மாசம் நீங்க தந்த யூரின் வேற கதை சொல்லுதே."

அவள் தாளொன்றில் வலை போலக் கீறினாள். "இது கிட்னியில இருக்கிற வடி, ரத்தத்தை வடிகட்டுறது. பிரஷர் கூடினா, வடியைப் பிடிச்சு நிக்கிற செல்கள் அடி வாங்கும். அடி வாங்கினா கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பைகளை உதிர்க்கும். உங்கட யூரின்ல அது மற்ற ஆக்களை விட மூணு மடங்கு."

"வழமையான டெஸ்ட் எல்லாம் நல்லம் எண்டாங்களே?"

"அதில பிடிபட முன்னமே இது காட்டுமா எண்டுதான் நாங்க ஆராயிறம். இதை மட்டும் வச்சு முடிவு சொல்லேலாது. ஆனா அந்தச் செல்கள் போனா, திரும்ப முளைக்கிறது கஷ்டம் அங்கிள்."

பொய்யைச் சுமக்கவும் தெம்பு வேண்டுமே. கிளறன்ஸ் உண்மையைச் சொல்லிவிட்டார்.

துறைமுகத்தில் அவர் கிரேன் ஓட்டுகிறார். பன்னிரண்டு மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டு. நீர் இறக்கும் குளிசை போட்டால் அரை மணிக்கொரு தடவை சிறுநீர் முட்டும். இறங்கி ஏறினால் கப்பல் காத்து நிற்கும். ஆகவே நாள் குறித்த கிளினிக்குக்கு முன் மூன்று நாள் லீவு, மூன்று நாள் குளிசை. மற்ற நாட்களில் பெட்டியைத் திறப்பதேயில்லை. நாலு வருஷமாக இதே கூத்து.

"சொல்லியிருந்தா வேற குளிசை தந்திருப்பனே!"

"சொன்னா கூண்டால இறக்கிடுவாங்க மகள். பென்ஷனுக்கு இன்னும் ரெண்டு வருஷம்."

"நான் துறைமுகத்துக்கு ஒண்டும் அனுப்ப மாட்டன். ஆனா இந்தப் பிரஷரோட இண்டைக்கு ஏறாதீங்க."

கிளறன்ஸ் மேற்பார்வையாளன் மெல்ரோய்க்குப் போன் எடுத்தார்.

"இண்டைக்கு நான் வரேல்ல."

"ஏன் அங்கிள், வீட்டில அன்டி அடிச்சுப் போட்டாவா?"

"பிரஷர். நூற்றித் தொண்ணூறு. எழுதிக்கொள்."

மெல்ரோயின் சிரிப்பு நின்றது. "எழுதினா மெடிக்கல் போர்ட் கூப்பிடும். பிறகு கூண்டு கிடைக்காது. காய்ச்சல் எண்டு போடவா?"

கிளறன்ஸ் கண்களை மூடிக்கொண்டார்.

"வேணாம். பிரஷர் எண்டே எழுது."



நிஷாந்தி நீட்டிய புதுக் குளிசையை, தண்ணீர் வரும்வரை காத்திராமல் விழுங்கினார்.